ஆற்றோடு நின்றுவிடும் அருளுரைகள்
எசேக்கியேல் 47ஆம் அதிகார வியாக்கியானம் பற்றி ஒரு திறனாய்வு

நமது பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகளுள் எசேக்கியேல் 47ஆம் அதிகாரமும் ஒன்று. ஆலய வாசற்படியின் கீழிருந்து புறப்படும் தண்ணீர் கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு எனப் பெருகிக் கடக்கமுடியாத நதியாகும் காட்சி, ஆவிக்குரிய வளர்ச்சியின் படிகளாக நெடுங்காலமாக விளக்கப்பட்டு வருகிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வயல்களில் பாய்வதைக் கண்டவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். இவ்விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் குறை உண்டு. நமது அருளுரைகள் 12ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. தீர்க்கதரிசி அங்கே முடிக்கவில்லை.

13ஆம் வசனம் முதல், அந்த நதி பாயும் தேசம் யாருக்குரியது என்ற வினா எழுகிறது. 22, 23ஆம் வசனங்களில் வரும் விடை வியப்புக்குரியது. இஸ்ரவேலரிடையே தங்கி, அங்கே பிள்ளைகளைப் பெற்ற அந்நியர் சுதேசிகளைப் போலவே எண்ணப்பட வேண்டும். எக்கோத்திரத்தாரோடு தங்கியிருக்கிறார்களோ அக்கோத்திரத்திலேயே அவர்களுக்குச் சுதந்தரம் அளிக்கப்பட வேண்டும். லேவியராகமம் 19:34 அந்நியனிடத்தில் அன்புகூரப் பணிக்கிறது. இங்கோ அந்த அன்பு நிலத்தில் பாத்தியதையாக உருக்கொள்கிறது. அந்நியரை அடையாளம் காட்டுகையில், அவர்களுக்கு அம்மண்ணில் பிள்ளைகள் பிறந்திருப்பதையே தீர்க்கதரிசி குறிப்பிடுகிறார். இத்தரிசனத்தைக் கண்டவர் தாமே பாபிலோனில் 25 ஆண்டுகளாக அகதியாயிருந்தவர் என்பதையும் (40:1) மறத்தலாகாது.

இனி நம் சூழலுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 1983 முதல் தமிழகத்துக்கு வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் பிறந்து வளர்ந்துள்ளனர். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்திய மண்ணில் பிறந்தோரைப் பெரும்பாலும் பெற்றோரின் நாட்டை வினவாமலே குடிமக்களாக ஏற்றது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம், 1987 ஜூலை 1 முதல் பிறப்போருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருக்க வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது என்றும் சேர்த்தது. விளைவு யாது? அகதிப் பெற்றோர்க்கு 1986இல் முகாமில் பிறந்த மகன் குடிமகன். 1988இல் அதே வீட்டில் பிறந்த தம்பி அந்நியன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. அவருடைய பிறந்த தேதியே அவருக்குத் துணைநின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அயல்நாடுகளின் கிறிஸ்தவரையும் உட்கொண்டது, இலங்கையை விட்டுவிட்டது. 2025ஆம் ஆண்டு ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனையினின்று விலக்கியது. ஆயினும் குடியுரிமையைத் தரவில்லை.

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, இதே தீர்க்கதரிசி 44:9இல் அந்நிய புத்திரரைப் பரிசுத்த ஸ்தலத்தினின்று விலக்குகிறார் அல்லவா? ஆம், ஆனால் அங்குள்ள எபிரேயச் சொல் வேறு. இங்கு வரும் ‘கேர்’ என்பது உடன்வாழ வந்து தங்கியவனைக் குறிப்பது. இரண்டாவது, பிறப்பினாலேயே குடியுரிமை என்றால் எல்லைக்கு மதிப்பேது, சட்டத்தை மீறி வருவோர்க்கு அது தூண்டுதலாகாதா என்பர். எல்லையைக் காப்பது அரசின் கடமையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லையைக் கடந்தவர் பெற்றோர். பிள்ளை எந்த எல்லையையும் கடக்கவில்லை. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்ற நியாயத்தை 18ஆம் அதிகாரத்தில் நிலைநாட்டியவரும் இதே எசேக்கியேல்தான். மேலும், போருக்கு அஞ்சி ஓடிவந்ததை அக்கிரமம் என்பதே தகுமா?

கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று மரபாகக் கூறுவர். அது ஒரே நாட்டுக்குள் நேர்ந்த பெயர்ச்சியாதலால் சட்டம் அதை வினவுவதில்லை. எனினும், வந்தவரின் பிள்ளைகளை மண் தன்னுடையவர்களாக்கிக் கொள்ளும் என்பதற்கு அம்மலை சான்றாக நிற்கிறது.

இறுதியாக, நமது பிரசங்கத்தின் மீதே ஒரு குறையைச் சொல்லவேண்டும். முகாம் மக்கள் நடுவே, ‘நாம் அனைவரும் இவ்வுலகில் பரதேசிகள், நம் தேசம் பரலோகம்’ என்று எத்தனை எளிதாகப் பேசிவிடுகிறோம்! வாக்காளர் அட்டையைப் பையில் வைத்திருப்பவர் அதில்லாதவருக்குக் கூறும் இவ்வாறுதல், ஆறுதல் அன்று. பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதிய பவுல், சாட்டையடியை எதிர்நோக்கியபோது தம் ரோமக் குடியுரிமையை முன்வைக்கத் தயங்கவில்லை. சேனாபதி அதனைத் திரவியம் கொடுத்துப் பெற்றவன்; பவுலோ அதற்குரியவராகப் பிறந்தவர் (அப். 22:28). நமது பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் அதனைச் ‘சிலாக்கியம்’ என்கிறது. நாமும் அச்சிலாக்கியத்தோடு பிறந்தவர்கள். அதற்கென நாம் செய்தது ஒன்றுமில்லை.

ஆகவே, ஆயர்களும் இறையியல் மாணவரும் அடுத்தமுறை இவ்வதிகாரத்தை எடுக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிடாது 23ஆம் வசனம் வரை வாசிப்பார்களாக. ஜீவநதி பாயும் தேசத்தில், அங்கே பிறந்த பிள்ளைக்குப் பங்கில்லையெனில், நாம் பிரசங்கிப்பது எசேக்கியேலின் நதி அன்று.