அரங்கு யாருடையது?

கலை மக்களுக்காகவே என்று கூறுவோர் நம்மிடையே பலர். அக்கலையை ஆக்குவோர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. நாடகத்தைச் சமுதாய மாற்றத்தின் கருவியாகக் கொள்ளுங்கால் இவ்வினாவே தலையாயதாகும்.

விடியவிடியக் களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியவற்றின் வாயிலாகச் சில மணிநேர அரங்காகச் செம்மைப்படுத்தினார். கற்றோரிடையே கூத்துக்கு மதிப்பு ஏற்பட்டது; கதையோ மன்னர் கதையாகவே நின்றது. 1969இல் சி. மௌனகுருவின் 'சங்காரம்' இவ்வெல்லையைக் கடந்தது. மன்னனுக்குரிய வடமோடி ஆட்டம் உழைப்பாளியின் கால்களுக்கு வந்தது. எனினும், பேதங்கள் யாவும் அரக்கர்களாக உருவகிக்கப்பட்டமையால், நாம் நாள்தோறும் காணும் சுரண்டுவோனின் முகம் அங்கு மங்கலாகவே தெரிகின்றது.

'கந்தன் கருணை' இவ்வகையில் ஒருபடி முன்னேறிற்று. 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலில், என். கே. ரகுநாதனின் ஆக்கத்தை அம்பலத்தாடிகள் கூத்தாக்கி யாழ்ப்பாணக் கிராமங்களில் ஆடினர். ஆடப்பட்டது பார்ப்போரின் சொந்த வழக்கு. அதன் வலிமையும் அதுவே.

நமது கல்முனைக் கரையின் நிலை யாது? 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் விழிப்புணர்வு நாடகங்கள் பல இங்கு வந்தன. சுகாதாரமும் ஒற்றுமையும் போதித்தன. அவை பயனற்றவை என்பதன்று நம் கருத்து. ஆயின், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என 2005இல் தடை நிலவியபோது, "வலையை எங்கே உலர்த்துவது? எங்கே உறங்குவது?" என்று மீனவன் கேட்ட கேள்வி நாம் கண்ட எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை. கேள்வியையும் விடையையும் பிறர் எழுதிக் கொணர்ந்தனர். நம்மவருக்குக் கைதட்டும் வேலையே எஞ்சியது.

பிறரை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. தமிழ்த்தினப் போட்டிக்கு நாம் பழக்கும் நாடகமும் பெரும்பாலும் நடுவரின் புள்ளியை நோக்கியதே.

நம்மிடம் வடிவங்கள் இல்லாமல் இல்லை. முஸ்லிம் கிராமங்களின் பொல்லடி உண்டு. பெண்கள் வாய்வழி வளர்த்த நாட்டார் கவி உண்டு. பொல்லடி பழக்குபவரும் அண்ணாவியாரே; அயலூர்த் தமிழ்க் கிராமத்தில் கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியாரே. இரு சமூகத்தாரும் ஒரே சொல்லால் தம் ஆசானை விளிக்கும் மண்ணில், ஒற்றுமையைப் போதிக்க வெளியார் வேண்டியதில்லை.

மருதமுனை நெசவாளியும் சாய்ந்தமருது மீனவனும் தம் வழக்கைத் தாமே பொல்லடியில் கட்டி ஆடட்டும். ஆசிரியரும் மாணவரும் அவர்களிடம் கற்கச் செல்வோம். அவ்வரங்கே மக்கள் அரங்கு.