ஏடும் படமும் 'ஏன்' என்னும் கேள்வியும்

குழந்தைக்கு முதல் ஆசான் எழுத்தன்று, படம். 'அ' என்னும் எழுத்தை அறியுமுன்னே, ஏட்டில் தீட்டிய யானையையும் தோணியையும் அது அறிந்துகொள்கிறது. ஆகவே, அந்த ஏட்டில் தீட்டப்பட்டிருப்பது யார் உருவம் என்பது சிறு செய்தியன்று. கைகூப்பி நிற்கப் பழக்கும் ஏடா, கண்விழித்துக் கேட்கப் பழக்கும் ஏடா? நாம் எழுப்பும் முதல் வினா இதுவே.

1658-ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில், உலகப் பொருள்களைப் படத்தோடு விளக்கும் சிறுவர் நூல் ஒன்று வெளிவந்தது. அதை ஆக்கியவர் கொமேனியசு என்னும் கல்வியறிஞர். அந்நாளில் அவர் வாழ்ந்த இடம் ஆம்சுட்டர்டாம். அதே நகரத்து வணிகர் பங்குகொண்ட டச்சுக் கும்பினி, நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இக்கரையின் துணியைக் கப்பலேற்றிக் கொண்டிருந்தது. இங்கிருந்து துணி போயிற்று. அங்கிருந்து படநூல் வரவில்லை! பின்னாளில் நமக்கு வாய்த்த படக்கதைகளோ பெரிதும் புராணக் கதைகள். 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, புராண வீரரைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் நெஞ்சில் குடியேற்றியது. வலை பின்னும் கைக்கும், நண்டு பிடிக்கும் கைக்கும் அந்த ஏடுகளில் இடம் எங்கே?

அந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. 1996-இல் சென்னையில் தோன்றிய தூலிகா பதிப்பகம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படநூல்கள் வெளியிட்டு வருகிறது. அவற்றுள் நான்கை நம் தோழர்களுக்கு எடுத்துக்காட்டுகிறோம்.

முதலாவது, மகாசுவேதா தேவி எழுதி, கன்யிகா கினி படம் தீட்டி, 2003-இல் வந்த 'ஏன் ஏன்' சிறுமியின் கதை. வங்கத்துச் சபரர் பழங்குடிச் சிறுமி மொய்னா, பிறர் ஆட்டை மேய்க்கிறாள். எதைக் கண்டாலும் ஏன் என்கிறாள். அடங்காப் பிள்ளை என்று ஊர் ஒதுக்கக்கூடிய குணத்தையே இந்நூல் அறிவின் வாயிலாகக் காட்டுகிறது. நான்கில் முதலிடம் இதற்கே.

இரண்டாவது, சௌமியா ராஜேந்திரன் எழுதி, சாத்விக் கடே படம் தீட்டிய அம்பேத்கர் வரலாறு, 2015-இல் வந்தது. வகுப்பறையில் ஒதுக்கி அமர்த்தப்பட்டு, பானையைத் தொட உரிமையின்றித் தாகத்தோடு இருந்த சிறுவன், ஏன் என்று கேட்டே வளர்ந்தான். ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கே இது ஏற்றது. மிகச் சிறு குழந்தைக்குச் சாதியின் கொடுமையைப் பெரியவர் உடனிருந்து விளக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தியா ராவ் 2005-இல் தந்த, கடலைத் தோழனாகக் கொண்ட சிறுவனின் கதை. 2004 டிசம்பர் 26-இல் அத்தோழன் ஏன் சீறினான் என்று அவன் கலங்குகிறான். நம் கரைப் பிள்ளைக்கு இது அயலான் கதையன்று. கடலம்மன் சினம் என்று எவரும் சொல்லுமுன், சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியதே காரணம் என்று நாம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, ரின்சின் எழுதி, சாகர் கோல்வங்கர் படம் தீட்டிய, நிலம் காக்கும் சிறுமியின் கதை; 2017-இல் வந்தது. சத்தீசுகரில் நிலக்கரிச் சுரங்கம் நிலத்தை விழுங்க வருகிறது. சிறுமி அஞ்சி ஒதுங்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவ மக்கள் குரலெழுப்பி வரும் கரையில், இக்கதைக்கு உரை தேவையில்லை.

குறையும் உண்டு. இந்நான்கிலும் நம் ஏரியில்லை, மடவையில்லை, பூநாரையில்லை. அதனினும் பெரிய பொறுப்பு ஒன்று நம்மைச் சேர்ந்தது. பழவேற்காட்டு ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கம் உள்ளது. பகிர்ந்துண்ணும் முறை என்ற அளவில் போற்றத்தக்கதே. ஆனால் அந்த உரிமை பிறப்பால் குறிக்கப்பட்ட குடிகளின் ஆண்களுக்கே உரியது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கில்லை. மொய்னாவின் கதை கேட்ட காட்டூர்ப் பிள்ளை ஒருநாள் தன் தந்தையிடம், "அவங்களுக்கு ஏன்பா பாடு இல்லை?" என்று கேட்கும். அன்று வாயை மூடு என்று அதட்டுவோமானால், நாம் வாங்கித் தந்த ஏடெல்லாம் வீண். ஊரார் மடமையைச் சாடும் கேள்வி இனிக்கிறது. நம் வீட்டு உரிமையைத் தொடும் கேள்வி கசக்கிறது. பகுத்தறிவு தேறுவதும் தோற்பதும் அங்கேதான்.

எப்படிப் படிப்பது? தனியே கொடுத்துவிட்டு அகல்வது பயனற்றது. மடியில் அமர்த்தி, படத்தைக் காட்டி, குழந்தையைப் பேசவிட வேண்டும். எழுத்தறியாத தாயும் படத்தைப் படிப்பாள். வலையின் கண்ணளவையும், நண்டின் பருவத்தையும் அறிந்தவள், எழுதியவருக்குத் தெரியாததையும் சொல்லித் தருவாள்.

விலை தடையெனில் படிப்பகம் வாங்கட்டும். ஓர் ஏடு ஒரு குப்பத்துக்கே போதும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கைப்பேசியிலேயே விலையின்றிப் படிக்கலாம். நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட வாசிப்பு இயக்க நூல்களும் உண்டு.

தோழர்களே, மேடையில் நாம் முழங்குவதைப் பெரியவர் கேட்கின்றனர். கேட்டுப் பலர் மறக்கின்றனர். கிழமைக்கு ஒரு மாலை, ஏரிக்கரைப் பிள்ளைகளை, இருளர் குடியிருப்புப் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்த்தி, ஒரு படநூலை விரியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவதை நம் அடுத்த வேலையாகக் கொள்வோம்.