பொறுக்கியவனும் சேகரித்தவனும்

மிட்டாயோடும் பபிள்கம்மோடும் வந்த பழைய கால்பந்து அட்டைகளைச் சேகரிப்பது பற்றி நண்பர்கள் சிலர் ரொம்பவும் உருகிப் பேசுகிறார்கள். தொலைந்த பால்யம், காகிதத்தின் வாசனை, இத்யாதி. எனக்கு இந்த உருக்கத்தின் மீது சந்தேகம் உண்டு. பால்யம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருடைய பால்யம் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அட்டை விளையாட்டிலிருந்து பிறந்ததல்ல, வியாபாரத்திலிருந்து பிறந்தது. லீபிக் என்ற இறைச்சிச்சாறு கம்பெனி 1870களிலேயே வண்ணப்பட அட்டைகளை ஐரோப்பிய வீடுகளுக்குள் அனுப்பியது. இங்கிலாந்தில் ஏ அண்ட் பிசி என்ற பபிள்கம் கம்பெனி 1950களின் இறுதியிலிருந்து 1970கள் வரை கால்பந்து வீரர்களை அச்சிட்டுத் தந்தது. தந்திரம் முழுக்க வரிசை எண்ணில் இருக்கிறது. 37 கிடைக்கும், 39 கிடைக்கும், 38 மட்டும் கிடைக்காது. அந்த 38க்காக, பசி இல்லாதவனும் வாங்கித் தின்ன வேண்டும். பண்டம் உறையாகிறது, உறை பண்டமாகிறது. மார்க்ஸ் சரக்கின் மாயம் பற்றி எழுதியதை ஒரு பெட்டிக்கடை இப்படி எளிமையாக விளக்கிவிடுகிறது.

ஆனால் பிள்ளைகள் கம்பெனி சொன்னபடி நடக்கவில்லை. அட்டையைச் சுவரில் எறிந்து பந்தயம் கட்டினார்கள், மாற்றிக்கொண்டார்கள், தோற்றார்கள். அட்டையின் முனை மழுங்கியது. இன்றைய சந்தை தண்டிப்பது சரியாக இந்த மழுங்கலைத்தான். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற நிறுவனம் அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறது. மூலை மடங்கினால் மதிப்பெண் குறையும். பபிள்கம்மின் கறை இருந்தாலும் குறையும். டாப்ஸ் கம்பெனியோ 1990களின் தொடக்கத்தில் தன் பேஸ்பால் அட்டைப் பொட்டலத்திலிருந்து பபிள்கம்மையே எடுத்துவிட்டது. எந்தப் பிள்ளையும் தொடாத, எவரும் தின்று கறைபடுத்தாத அட்டைக்குத்தான் உச்ச விலை. இதற்குப் பெயர் பால்யமாம்!

பொருளைப் பயன்படும் கட்டாயத்திலிருந்து சேகரிப்பவன் விடுவிக்கிறான் என்று வால்ட்டர் பெஞ்சமின் கருதினார். நம்மில் பலர் இதை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதே பெஞ்சமின் பாரிஸ் தெருக்களில் கந்தல் பொறுக்குகிறவனையும் அதே அக்கறையோடு பார்த்தார் என்பதை வசதியாக மறந்துவிட்டோம். எனக்கு இதைச் சொல்லித் தந்தது புத்தகம் அல்ல, பிஸ்கட் உறை.

நம் பக்கம் கால்பந்து அட்டை ஏது? கிரிக்கெட்தான். 1999இல் இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்தபோது, பிரிட்டானியா தின்னு, உலகக் கோப்பைக்குப் போ என்று இந்தியில் ஒரு விளம்பரம். உறைகளில் ரன் போட்டிருக்கும். 100 ரன் சேர்த்தால் ஒரு சிறுபுத்தகம், சுரண்டிப் பார்க்கப் பரிசு. நாங்கள் அறந்தாங்கிப் பக்கம். அப்பாவுக்கு அரசுச் சம்பளம். அதனால் வீட்டில் வாரம் ஒரு பிஸ்கட் பொட்டலம், என் கணக்கில் 40 ரன். என்னோடு படித்தவன் ஒருவன், காலனிப் பையன், ஒரு பொட்டலமும் வாங்காமல் 60 சேர்த்திருந்தான். பஸ் ஸ்டாண்ட், டீக்கடை வாசல், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் என்று அவனுடைய ஆடுகளம் பெரிது.

கடைக்காரர் அவன் உறைகளைக் கையில்கூட வாங்கவில்லை. "சாக்கடையில பொறுக்குனதையெல்லாம் கொண்டாரியா, போடா பொறுக்கி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை. மறுநாள் அதே உறைகளை அடிபம்பில் கழுவிக் காயவைத்து என்னுடையதோடு சேர்த்துக் கொண்டுபோனேன். "சார் மவனா, கொண்டாப்பா" என்று எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். அதே காகிதம், அதே எண்கள். கை மட்டும் மாறியது.

பொறுக்குதல் தமிழில் ஒரு வேலை. நெல் பொறுக்கலாம், சுள்ளி பொறுக்கலாம், கல் பொறுக்கலாம். அந்த வேலையைச் செய்கிறவனைக் குறிக்கும் பெயர்ச்சொல் மட்டும் எப்படி வசைச்சொல்லானது? தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று மட்டும் மனப்பாடம் செய்தோம். தொகுத்தவனுக்குப் பெயர், தொகுக்கச் சொன்னவனுக்கு அதைவிட நீளமான பெயர். பாட்டை ஊர் ஊராகத் தேடி எடுத்து வந்த கைகளுக்கு அந்தக் குறிப்பில் இடமில்லை. அட்டைச் சந்தையின் விலைப்பட்டியலும் இப்படித்தான் பேசுகிறது: கம்பெனி, வருடம், வீரர், தரம். வைத்து விளையாடியவன் அங்கே வெறும் கறை.

அந்தச் சிறுபுத்தகம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பரிசு ஒன்றும் விழவில்லை. அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை, பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பழம்பொருள் வாங்கும் ஒருவர் சமீபத்தில் அதைப் புரட்டிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்க சார், நீங்களே சேத்ததா?" என்றார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.