கழிந்தோரும் ஒழிந்தோரும்: புறநானூறு 243இல் முதுமை நினைக்கும் இளமை

முன்னுரை

புறநானூற்றின் 243ஆம் பாட்டு தமிழ் பயின்றோர் பலர்க்கும் அறிமுகமானது. ஊன்றுகோல் தாங்கி நிற்கும் முதியவர் ஒருவர், நீர்த்துறையில் ஆடிக் கழித்த தம் சிறுபருவத்தை எண்ணி இரங்குவது அதன் பொருள். பாட்டில் வரும் ஊன்றுகோல் பற்றிய தொடரே பாடியவர்க்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என அவர் வழங்கப்படுகிறார். அவர் பெயரால் நமக்குக் கிடைத்திருப்பது இவ்வொரு பாட்டே.

வகுப்பறையிலும் கட்டுரைகளிலும் இப்பாட்டு பெரும்பாலும் இளமை நிலையாமைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. இளமை கழியும், முதுமை வரும், ஆதலின் அறம் செய்க என்னும் நெறியுரையின் ஒரு பகுதியாக இது படிக்கப்படுகிறது. அவ்வாறு படிக்கும்போது பாட்டின் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. பதினான்கு அடிகளில் ஏறத்தாழ ஒன்பது அடிகள் விளையாட்டையே பேசுகின்றன. முதுமையைப் பேசுவன இறுதி மூன்று அடிகளே. நிலையாமையை உணர்த்துவதே புலவரின் நோக்கமாயின் இவ்வளவு நுணுக்கமான விளையாட்டுச் சித்திரம் எதற்கு என்னும் வினா எழுகிறது. இப்பாட்டு நெறியுரை அன்று, இழப்புரை என்பதையும், அவ்விழப்பு எத்தகையது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைக் குறிப்பு தரும் வெளிச்சம்

இப்பாட்டின் திணை பொதுவியல் என்றும் துறை கையறுநிலை என்றும் குறிக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியர் கையறுநிலையைக் காஞ்சித்திணையில் வைத்து, கழிந்தோரை எண்ணி ஒழிந்தோர், அதாவது எஞ்சி நிற்போர், புலம்புவதாக அதனை விளக்குகிறார். புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பெரும்பாலும் மாண்ட வேந்தரையும் வள்ளல்களையும் பற்றியன. 242ஆம் பாட்டு ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனை இழந்த துயரில் முல்லைக்கொடியை நோக்கிப் பேசுகிறது. 245ஆம் பாட்டு மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் புலம்பல். இவற்றுக்கு இடையே 243 நிற்கிறது. ஆனால் அப்பாட்டில் இறந்தவர் எவரும் இலர்.

துறை வகுத்தோர் பிழைபட வகுத்தனர் என்று கொள்வது எளிது. அண்டைப் பாடல்களின் துறையையே இதற்கும் எழுதிவிட்டனர் எனவும் கூறலாம். எனினும் துறைக் குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்டவையாயினும், நமக்குக் கிட்டும் மிகப் பழைய வாசிப்புகள் அவை என்பதை மறத்தல் ஆகாது. பொருண்மொழிக்காஞ்சி என்னும் துறையும் அவர்கள் கையில் இருந்தது. நரிவெரூஉத்தலையார் முதியோரை நோக்கிப் பாடிய 195ஆம் பாட்டுக்கு அத்துறையே குறிக்கப்பட்டுள்ளது. அதனை விடுத்துக் கையறுநிலை என இதனை அழைத்ததற்குப் பொருள் உண்டு எனக் கருதுவதே தக்கது.

கையறுநிலைக்குக் கழிந்தோர் ஒருவரும் ஒழிந்தோர் ஒருவரும் வேண்டும். இப்பாட்டில் கழிந்தவன் நீர்த்துறைச் சிறுவன். ஒழிந்தவர் கோலூன்றிய முதியவர். இருவரும் ஒருவரே. தன்னையே இழந்து தானே எஞ்சி நின்று புலம்பும் நிலை இது. துறை வகுத்தோர் கண்ட நுட்பம் இதுவே எனலாம்.

கையும் ஓசையும் மணலும்

கையறுதல் என்பதற்குச் செயலறுதல் என்பது பொருள். அச்சொல்லோடு சேர்த்து நோக்கினால், பாட்டின் முற்பகுதி முழுவதும் கையின் செயல்களால் ஆகியிருப்பது தெரியவரும். செறிந்த மணலில் செய்த பாவைக்குக் கொய்த பூவைச் சூட்டுவது கை. நீராடும் சிறுமியரோடு பிணைந்து, அவர் தழுவியபோது தழுவி, அசைந்தபோது அசைவது கை. நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையைப் பற்றி ஏறுவது கை. மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளி வருவதும் கையே. பிற்பகுதியில் அக்கைக்கு எஞ்சியிருக்கும் தொழில் ஒன்றுதான். அது கோலை ஊன்றுதல். பூவும் தோழியர் கையும் மரக்கிளையும் மணலும் பற்றிய கை, இப்போது தன் உடலைத் தாங்கும் கோலை மட்டும் பற்றுகிறது.

ஓசையிலும் இம்மாற்றம் புலப்படுகிறது. சிறுவன் குதிக்கும்போது எழும் ஒலியைப் புலவர் ஒலிக்குறிப்புச் சொல்லாலேயே கேட்கச் செய்கிறார். அலை சிதறுகிறது, கரையில் நிற்போர் வியந்து நோக்குகின்றனர். முதியவரிடமிருந்து எழும் ஒலியோ இருமல். அவ்விருமலுக்கு இடையே சில சொற்களே வெளிப்படுகின்றன. அன்று ஒலி எழுந்தபோது பார்க்க ஆள் இருந்தது. இன்றைய இருமலுக்குச் செவி கொடுப்போர் எவரும் பாட்டில் காட்டப்படவில்லை.

மணல் பாட்டில் இருமுறை வருகிறது. முதல் மணல் கரையில் உள்ளது; யார் கைக்கும் எட்டுவது. இரண்டாம் மணல் ஆழத்தில் உள்ளது. மூழ்கினவன் கைக்கே எட்டுவது. அடிமணலை அள்ளிவந்து காட்டுவது, அடியைத் தொட்டதற்குச் சான்று. ஆறும் குளமும் உள்ள ஊர்களில் நீச்சல் பழகிய சிறுவர்க்கு இவ்வழக்கு விளக்கம் வேண்டாதது. மூச்சடக்கி உள்ளே போனவன் உண்மையில் தரையைத் தொட்டானா என்பதைக் கரையில் இருப்பவர்க்கு மெய்ப்பிப்பது அந்தப் பிடிமணல் ஒன்றே. முதியவரின் நினைவும் அத்தகையதே. அவர் காலத்தின் ஆழத்துள் மூழ்கி எழுகிறார். கொண்டுவந்து காட்டுவதற்கு அவரிடம் இருப்பது இப்பாட்டுதான். இவ்விணைப்பைப் புலவர் வெளிப்படக் கூறவில்லை. எனினும் சிறுபருவச் செயல்களின் வரிசை மணலை அள்ளுவதோடு முடிவதும், உடனே இரங்கற்சொல் எழுவதும் இவ்வாறு கருத இடந்தருகின்றன.

மூச்சும் தொடரும்

பாட்டின் தொடரமைப்பு தனியே கருதத்தக்கது. சூட்டி, பிணைந்து, தழுவி, ஏறி, குதித்து, மூழ்கி எனப் பொருள்தரும் வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, இறுதியில் இளமை என்னும் பெயரில் சென்று முடிகின்றன. இடையில் முற்றுவினை இல்லை, மூச்சுவிட இடமில்லை. சிறுவன் கரையிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து மடுவுக்கும் நில்லாது ஓடும் ஓட்டத்தை அத்தொடர் தன் நடையாலேயே நிகழ்த்துகிறது.

இதனைக் கூறுபவர் யார்? இருமல் இடைமறிக்கச் சில சொற்களுக்குமேல் பேச இயலாதவர் எனத் தம்மையே கூறிக்கொள்பவர். சில சொல்லுக்கே வலிமையுள்ள முதியவர், ஒன்பது அடி நீளும் தொடரை இடையறாது கூறுகிறார். நினைக்கும் பொழுது அவர்க்குப் பழைய மூச்சு மீள்கிறது. நினைவு முடிந்ததும் இருமல் திரும்புகிறது. முதுமையின் தளர்ச்சி விளையாட்டை எல்லாம் கூறி முடித்த பின்னரே பாட்டில் இடம்பெறுவதற்குக் காரணம் இதுவாகலாம்.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. சிறுபருவத்தைப் பேசும் அடிகளில் 'நான்', 'யாம்' என்னும் தன்மைச் சொல் யாண்டும் இல்லை. செயல் உண்டு, செய்தவன் பெயரால் சுட்டப்படவில்லை. ஒளிவுமறைவு அறியாத, வஞ்சனையற்ற கூட்டத்தில் தான் வேறு பிறர் வேறு என்னும் எண்ணம் எழவில்லை போலும். தன்மைச் சொல் தோன்றுவது முதுமையைக் கூறும் இறுதி அடியில்தான். அதுவும் பன்மையில் தோன்றுகிறது. தம்மைப் போன்ற முதியோர் அனைவர்க்குமாக அவர் பேசுகிறார் எனவும், ஒருவரே பன்மையில் தம்மைக் கூறினார் எனவும் இருவகையாகக் கொள்ளலாம். முன்னதே பாட்டின் இயல்புக்குப் பொருந்துகிறது. விளையாட்டுக் கூட்டம் கலைந்தபின் எஞ்சியிருக்கும் கூட்டம் முதியோர் கூட்டம் ஒன்றே.

நீதிநூலும் புறப்பாட்டும்

நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்திலும் சொல் தளர்தலும் கோலூன்றலும் இடம்பெறுகின்றன. அங்கே அவை, அந்நிலை வரும்வரை இல்வாழ்வின் இன்பத்தில் அழுந்திக் கிடப்போர்க்கு உய்யும் வழி இல்லை என எச்சரிக்கப் பயன்படுகின்றன. 195ஆம் புறப்பாட்டும் அத்தகையதே. நரைத்த முதியோரை விளித்து, கூற்றுவன் வரும்போது இரங்குவீர், நல்லது செய்ய இயலாவிடினும் அல்லது செய்யாதீர் என அது அறிவுறுத்துகிறது. அங்கே இரங்குதல் எதிர்காலத்தது, பிறர்க்குக் கூறப்படுவது. 243இல் இரங்குதல் இப்போது நிகழ்வது, தமக்கே நேர்வது. 195இல் முதியோர் கேட்போர். 243இல் முதியவரே பேசுவோர்.

நீதிநூல் இளமையை நம்பத்தகாதது என்கிறது. இப்பாட்டு இளமையைக் குறை கூறவில்லை. அது இரங்கத்தக்கது என்கிறது; இப்போது எங்கே உள்ளதோ என வினவுகிறது. வினாவுக்கு விடையும் தரப்படவில்லை, அறமும் கூறப்படவில்லை. விடையில்லாத அவ்வினாவை அறவுரையாக மாற்றுவது, புலவர் திறந்துவைத்த கதவை நாம் சாத்துவதாகும்.

1940: இரு முதியோர்

புறநானூற்றைப் பழைய உரையுடன் 1894இல் முதன்முதலில் அச்சிட்டு வழங்கிய உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 39. அவரே தம் எண்பத்தைந்தாம் அகவையில், 1940ஆம் ஆண்டு, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த அது 1950இல் நூலாயிற்று. முதியவரின் இளமை நினைவைப் பதிப்பித்தவர் தாமும் முதியவராகித் தம் இளமையை நினைத்த வரலாறு இது.

ஆயின் இரண்டு நினைவுகளும் வேறுபட்டவை. 'என் சரித்திரம்' காட்டும் சிறுபருவம் கற்கும் பருவம். அரியலூர், குன்னம் என ஊர்மாறி ஆசிரியரைத் தேடும் அச்சிறுவனின் பாதை, 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேர்கிறது. அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சியும் பின்வரும் வாழ்வுக்கு ஒரு படி. விழுத்தண்டினார் தம் இளமைக்குத் தரும் அடைமொழியோ கல்லாமையைக் குறிப்பது. அவ்விளமை எதற்கும் படியாகவில்லை. அதனால் விளைந்த பயன் எதுவும் பாட்டில் கூறப்படவில்லை. கற்ற இளமை முதுமையிலும் புலமையாகத் தொடர்கிறது. அதனை வரலாறாக எழுத முடிகிறது. கல்லா இளமைக்குத் தொடர்ச்சி இல்லை. ஆதலின் அது புலம்பலாகவே வெளிப்பட முடியும். ஐயரிடத்தும் இப்புலம்பலின் சாயல் இல்லாமல் இல்லை. உத்தமதானபுரத்தைப் பேசத் தொடங்கும்போது, தாம் இளமையில் கண்ட ஊரே மனத்தில் நிற்பதாக அவர் கூறுமிடத்தில் வரலாற்றாசிரியர் சற்றே ஒதுங்க, முதியவர் வெளிப்படுகிறார்.

அதே 1940இல் வங்கத்தில் இரவீந்திரநாத தாகூர் தம் சிறுபருவத்தைச் 'சேலேபேலா' என்னும் நூலாக இளையோர்க்கென எழுதினார். அவர்க்கு அப்போது எண்பதாம் அகவை. 1912இல் வெளிவந்த 'ஜீவன்ஸ்மிருதி'யில் சிறுபருவத்தை முன்னரே எழுதியிருந்தவர் அவர். அந்நூலின் தொடக்கத்தில், நினைவு என்பது நிகழ்ந்தவாறே பதிவது அன்று, ஓவியன் தீட்டுவது போன்றது என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். ஒருமுறை எழுதியதை ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து மீண்டும் எழுத நேர்ந்தது, அவ்வோவியம் முற்றுப்பெறாதது என்பதற்குச் சான்று. 'சேலேபேலா'வில் ஒரு பழம்பல்லக்கு வருகிறது. பாட்டி காலத்தது, பயன்பாடு ஒழிந்து மூலையில் கிடப்பது. நண்பகலில் சிறுவன் அதனுள் ஒளிந்தமர்ந்து, அசையாத பல்லக்கில் கற்பனையாகவே பயணம் செய்கிறான். ஏவலர் கண்காணிப்பில் வளர்ந்த பெருமாளிகைச் சிறுவனின் தனிமை அது. மருதமரக் கிளையிலிருந்து குதித்த சிறுவனோ கூட்டத்தில் இருந்தான். கரையவர் கண்முன் குதித்தான். பல்லக்கின் தனிமையை முதுமையிலும் மீட்டெடுக்கலாம். அதற்குத் தேவையானது கற்பனை ஒன்றே. கலைந்துபோன கூட்டத்தை அவ்வாறு மீட்க இயலாது. விழுத்தண்டினாரின் இழப்பு மீட்சியற்றதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், புறநானூறு 243ஐ நிலையாமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வது பொருந்தாது என்பது பெறப்படும். கழிந்தோரும் ஒழிந்தோரும் ஒருவரேயான அரிய கையறுநிலை அது. அதில் இழக்கப்பட்டது வயது மட்டும் அன்று. கைகோத்த தோழமையும், வியந்து நோக்கிய கரையவரும், பயன் கருதாத ஆட்டமும் சேர்ந்தே இழக்கப்பட்டன. முதுமையை அறவுரைக்கு உரிய பொருளாகக் காணும் வழக்கம் நம் இலக்கியத்தில் வலுவானது. முதியவர் தாமே பேசவும், பேசி முடித்தபின் வினாவோடு நிற்கவும் இடங்கொடுத்த பாட்டு இது. மாணாக்கர்க்கு இதனைக் கற்பிக்கும்போது, அறத்தைக் கூறுமுன் அந்த வினாவைச் சற்றுநேரம் விடையின்றி நிற்க விடுவதே அம்முதியவர்க்கு நாம் செய்யத்தக்க மதிப்பாகும்.