சில்லறை கேட்ட தத்துவம்

எட்மண்ட் ஹுஸர்லின் வகுப்பில் மாணவர் யாராவது பெரிய தத்துவ முடிவாக எடுத்து வீசினால், பெரிய நோட்டு வேண்டாம், சில்லறையாகக் கொடுங்கள் என்பாராம். அவரிடம் படித்த காடமர் பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு தத்துவத்துக்கு வந்த ஹுஸர்லிடம் அந்தக் கறார் இருந்ததில் வியப்பில்லை. 1900-01இல் வந்த ‘தர்க்க ஆய்வுகள்’ நூலில் அவர் தொடங்கிவைத்த பினாமினாலஜி என்னும் தோற்றப்பாட்டியலை எடைபோட, அந்தச் சில்லறையையே படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

அது கேட்கும் சில்லறை என்ன? ஒரு குடத்தைப் பாருங்கள். கண்ணில் படுவது முன்பக்கம் மட்டுமே. ஆனாலும் ‘பாதிக் குடத்தைப் பார்த்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. மறுபக்கத்தையும் கனத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கும்போது அது காலியாக இருந்தால், கை விசுக்கென்று மேலே போய்விடுகிறது. தொடும் முன்பே கை ஒரு கனத்தை எதிர்பார்த்திருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. மனம் வெளியுலகைப் படம் பிடித்து உள்ளே மாட்டிவைக்கும் பெட்டி அல்ல. அது எப்போதும் எதையோ நோக்கி நீண்டிருக்கிறது. குடம் உண்மையில் இருக்கிறதா என்ற வழக்கை ஹுஸர்ல் ஒத்திவைத்தார். அது எப்படித் தோன்றுகிறது என்பதை விவரிக்கச் சொன்னார்.

அவருடைய உதவியாளராக இருந்த மார்ட்டின் ஹைடெக்கர் அதற்கும் கீழே தோண்டினார். ‘இருக்கிறது’ என்கிறோமே, அதற்கு என்ன பொருள்? பள்ளி மாணவராக இருந்தபோது, 1907இல், அவர் கைக்கு ஒரு நூல் வந்தது. அரிஸ்டாட்டில் ‘இருத்தல்’ என்பதை எத்தனை பொருளில் ஆள்கிறார் என்று ஆராய்ந்த அந்த நூலை எழுதியவர், ஹுஸர்லின் ஆசிரியரான பிரெண்டானோ. அன்று பற்றிக்கொண்ட கேள்வி 1927இல் ‘இருத்தலும் காலமும்’ நூலாக வந்தது. அதில் புகழ்பெற்றது சுத்தியல். வேலை நடக்கும்போது தச்சர் சுத்தியலைக் கவனிப்பதில்லை. ஆணியையும் பலகையையும், செய்து முடிக்க வேண்டிய கதவையும்தான் கவனிக்கிறார். பிடி கழன்றால்தான் சுத்தியல் ஒரு ‘பொருளாக’க் கண்முன் வந்து நிற்கிறது. ஆக, பொருள்கள் முதலில் நமக்குப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குரியவையாக ஆவது பிறகு.

இந்தப் பயிற்சியின் பலம் இங்கேதான். தத்துவத் துறைக்கு உள்ளேயும் வெளியேயும் அது செல்லுபடியானது. 1945இல் தத்துவவாதி மெர்லோ-போன்டி புலனறிவின் மையத்தில் உடலை வைத்தார். தேர்ந்தவரின் திறமையை விதிகளின் பட்டியலாக எழுதி முடிக்க முடியாது என்று 1972இல் ஹியூபர்ட் டிரைஃபஸ் செயற்கை நுண்ணறிவுக்காரர்களிடம் வாதிட்டார். நோயாளியின் மாற்றத்தை அனுபவமுள்ள செவிலியர் எப்படி உணர்கிறார் என்று 1984இல் பட்ரீஷியா பென்னர் எழுதிய நூலுக்கும் டிரைஃபஸின் சிந்தனை ஒரு வேர்.

குறைகள் மூன்று.

முதலாவது, சொற்கள். பொருள்களிடமே திரும்புங்கள் என்று சொன்ன இயக்கம் தனக்கென ஓர் அகராதியைக் கட்டிக்கொண்டது. மனித இருப்பைக் குறிக்க ஹைடெக்கர் ஆண்ட ‘டசைன்’ முதலான சொற்களைப் பழகிய மாணவர் நாளடைவில் குடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கலைச்சொற்களையே புரட்டுகிறார். நோட்டு கையில் இருக்கிறது. மாற்றிக்கொடுக்கச் சில்லறை இல்லை. 1930களின் தொடக்கத்தில் தத்துவவாதி ருடால்ஃப் கார்னாப், ஹைடெக்கரின் ‘இன்மை’ பற்றிய வாக்கியங்கள் இலக்கண மயக்கத்தில் பிறந்தவை என்று தாக்கினார். தமிழில் நின்று பார்த்தால் அதில் கொஞ்சம் நியாயம் தெரியும். ‘இது சுத்தியல்’ என்று சொல்ல நமக்கு வினைச்சொல்லே தேவையில்லை. ‘சுத்தியல் இருக்கிறது’ என்னும்போதுதான் அது வருகிறது. ஜெர்மனிலோ இரண்டிடத்திலும் ஒரே வினைதான். அப்படியானால் இது உலகைப் பற்றிய கேள்வியா, ஒரு மொழியின் அமைப்பு எழுப்பும் கேள்வியா?

ஆனால் தமிழ் மறுபக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. ‘இருப்பு’ என்றால் மளிகைக்கடைக்காரருக்குச் சரக்கு. கணக்கருக்குக் கையில் மிச்சமுள்ள பணம். கிரேக்கத் தத்துவத்தில் ‘உள்பொருள்’ என ஆன ‘ஊசியா’ என்ற சொல்லுக்கும் ஊர்வழக்கில் சொத்து என்றே பொருள். ஹைடெக்கர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ‘இருப்பதை’க் கைவசம் உள்ளதாக நினைத்திருக்கின்றன என்றால், கேள்வியை வெறும் இலக்கணப் பிழை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இரண்டாவது, யாருடைய அனுபவம் என்பது. ‘நாம்’ என்று விவரிப்பவர் தன் அறையில் உட்கார்ந்து எழுதும் ஒருவர். ஹைடெக்கரின் தச்சருக்குக் கூலி பாக்கியில்லை, முதலாளி இல்லை. ஹைடெக்கரின் டசைனுக்குப் பசிப்பதே இல்லை என்று தத்துவவாதி லெவினாஸ் குத்திக்காட்டியது சரியான அடி.

மூன்றாவதுதான் கனமானது. கூட்டத்தோடு கூட்டமாக வாழ்வதை விட்டு உறுதி பூண வேண்டும் என்றது ‘இருத்தலும் காலமும்’. எதற்கு உறுதி பூணுவது என்று சொல்லவில்லை. உறுதி பூண்டாயிற்று, எதற்கென்றுதான் தெரியவில்லை என்று மாணவர்கள் அப்போதே கேலி பேசியதாக அவர்களில் ஒருவரான கார்ல் லோவித் பதிவுசெய்திருக்கிறார். 1933இல் அந்த வெற்றிடம் நிரம்பியது: ஹைடெக்கருக்கு ஏப்ரலில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தலைமை, மே மாதம் நாஜிக் கட்சி உறுப்பினர் அட்டை. யூதராகப் பிறந்த ஹுஸர்லுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்த அதே நூலின் 1941 பதிப்பில் அந்தக் காணிக்கைப் பக்கம் இல்லை. 2014 முதல் வெளிவந்த ஹைடெக்கரின் ‘கருப்புக் குறிப்பேடுகள்’ யூத வெறுப்பையும் அவர் கையெழுத்திலேயே காட்டின. இதைத் தனிமனிதக் குறை என்று மட்டும் தள்ள முடியாது. சுத்தியலை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கக் கற்றுத்தந்த நூலில், பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதற்கு இடம் மிகக் குறைவு.

அதற்காக மூடிவைக்க வேண்டிய நூல் அல்ல அது. ஹுஸர்லிலிருந்து தொடங்குங்கள், ஹைடெக்கருக்குப் பக்கத்தில் லெவினாஸையும் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு பெரிய சொல் வரும்போதும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் ஒரு குடத்தையோ சுத்தியலையோ விவரித்துப் பாருங்கள். முடிந்தால் அந்தச் சொல் உங்களுடையது. முடியாவிட்டால், எத்தனை பக்கம் படித்திருந்தாலும், அது மாறாத நோட்டு.