பகா எண்ணின் சான்று

ஒரு பேரெண்ணைப் பகா எண்ணென்று ஐயந்திரிபற நிரூபிக்க, 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவர்தம் மாணாக்கர் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்ட மார்க்கத்தை எண்ணுந்தோறும், குன்றாண்டார்கோவிலில் ஒட்டும் இணைப்புமின்றிப் பாறையையே குடைந்து கருவறை சமைத்த சிற்பியரின் கைத்திறனே என் நெஞ்சில் எழுகின்றது.

அம்மார்க்கத்தின் அடிப்படை இதுவே: ஈருறுப்புக் கோவையொன்றைப் பகா எண்ணாகிய ஐந்தாம் அடுக்குக்கு விரித்தால் வரும் 1, 5, 10, 10, 5, 1 என்னும் கெழுக்களில், இருமுனை ஒன்றுகள் நீங்கலாக, எஞ்சியவை யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடும். நான்காம் அடுக்கிலோ, நடுநின்ற 6 நான்கால் வகுபடாமல், நான்கு பகா எண் அன்றெனக் காட்டிக்கொடுத்துவிடும். பேரெண்களுக்கு இவ்விரிவு கட்டுக்கடங்காது பெருகுமாதலின், தக்கதொரு சிறிய கோவையால் வகுத்து, மீதிகளை ஆராய்ந்தே முடிவு காணலாமென்று நிறுவியது அம்மூவரின் சாதனை. நடைமுறையில் நீள்வட்ட வளைவரை முறையே விரைவானதெனினும், தற்செயலையும் நிரூபணமாகாத அனுமானத்தையும் துணைக்கொள்ளாத இம்முறையின் பரிசுத்தமான சௌந்தரியம் போற்றத்தக்கது.