மறுப்பு நூல்களும் மொழி உறவும்: வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும்

முன்னுரை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் வீரமாமுனிவரின் வேத விளக்கம் (1728), பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களைப் பெயரளவில் சுட்டிவிட்டுச் சதுரகராதிக்கும் பரமார்த்த குரு கதைக்கும் விரைந்து சென்றுவிடுவர். சமயக் காழ்ப்பு மிக்கவை என்பதே அவை ஒதுக்கப்பட்டமைக்குக் காரணம் எனலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருவரையொருவர் நோக்கிய பார்வையை இந்நூல்களைக் கொண்டே மதிப்பிடுவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பூசலின் களம்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அச்சு நூல்கள் தஞ்சை நாட்டுக் கத்தோலிக்கர் கைகளையும் எட்டின. படைவீரரான இராசநாயக்கன் 1720களின் பிற்பகுதியில் கத்தோலிக்கத்தை விட்டுத் தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்தார். இச்சூழலில்தான் முனிவரின் மறுப்பு நூல்கள் எழுந்தன. தரங்கம்பாடியார் திருச்சபை பேதகம் எழுத, அதற்கு மறுமொழியாகப் பேதகம் மறுத்தல் வந்தது. ஒரு சாராருக்கு மற்றவர் 'பதிதர்'. மற்றவருக்கு இவர்கள் 'பாப்பு மார்க்கத்தார்'. இப்பெயர்களே அன்றைய மனநிலையைக் காட்டப் போதுமானவை.

நடை பற்றிய வாதம்

முனிவர் கோட்பாட்டை மட்டும் மறுக்கவில்லை. எதிர்த்தரப்பாரின் தமிழையும் எள்ளுகிறார். பிழைபட்ட மொழியில் மெய்ம்மறை விளங்காது என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பில் நடையின் பொறுப்பை உணர்த்திய வகையில் இது தமிழ்த் திறனாய்வின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது. ஆயினும், நடையின் குறையைக் கொள்கையின் குறையாகக் காட்டுவது வாதத்தின் வலிமையன்று. மேலும், கொடுந்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவரும், வேதியர் ஒழுக்கத்தை (1727) எளிய உரைநடையில் எழுதியவரும் அவரே. எளியோர்க்கு எளிய தமிழ் வேண்டும் என்பதை நன்கறிந்தவர், அந்நோக்கம் எதிர்த்தரப்பாருக்கும் உண்டென ஏற்க மறுத்தார். இதுவே இந்நூல்களின் முதன்மையான குறை.

மறைந்திருந்த உறவு

பூசலுக்கு அப்பால் மற்றொரு வரலாறும் உண்டு. சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளின் பட்டியலில் (1708) கத்தோலிக்க நூல்களையும் தனியே குறித்துள்ளார். அவற்றிலிருந்து சமயச் சொற்களைக் கற்றார். 'சர்வேசுரன்' என்னும் சொல்லை அவரும் ஆண்டார். பின்வந்த சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்புகளில் 'பராபரன்', 'தேவன்' என்பன வழக்கூன்றிய பின்னரே இச்சொல் ஒரு சபையின் அடையாளமாகச் சுருங்கியது.

இதனினும் வியப்புக்குரியது 1738ஆம் ஆண்டு நிகழ்ச்சி. முனிவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சேற்றியது தரங்கம்பாடி அச்சகமே. எவருடைய தமிழை அவர் இகழ்ந்தாரோ அவர்களே, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, அவரைத் தம் தமிழாசிரியராக ஏற்றனர். கொள்கையில் விலக்கியவரை மொழியில் விலக்க அவர்களால் இயலவில்லை. பிற்காலத்தில் ஆங்கில அதிகாரியான எல்லிசின் முயற்சியால் முத்துசாமிப் பிள்ளை முனிவரின் சுவடிகளைத் தேடியதும், பாபிங்டன் 1822இல் பரமார்த்த குரு கதையை இலண்டனில் வெளியிட்டதும் இவ்வுறவின் தொடர்ச்சியே.

முடிவுரை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறித்தவ ஒன்றிப்புப் பற்றிய ஆணையை வெளியிட்டது. இரு சாராரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதில் 'கடவுள்', 'ஆண்டவர்' ஆகியன பொதுச் சொற்களாயின. எனினும் சீர்திருத்தச் சபையினர் பலர் இன்றும் பழைய பெயர்ப்பையே ஓதுகின்றனர். வழிபாட்டில் பழகிய சொல்லை மனம் எளிதில் விடுவதில்லை. ஆகவே, மறுப்பு நூல்களை மறைப்பதாலோ அவற்றை மட்டுமே சான்றாக்குவதாலோ இவ்வுறவை அறிய இயலாது. வேத விளக்கத்தை 1738இன் இலக்கணப் பதிப்போடு சேர்த்துப் படித்தல் வேண்டும். சினமும் மதிப்பும் ஒரே காலத்தில், ஒரே மனிதரைச் சூழ்ந்து நிலவியமை அப்போதுதான் புலனாகும்.